டப்பா மேல இருக்கிற எழுத்து: இன்ஜின் ஆயில் தரக் குறியீடுகளின் கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். எங்க அப்பாவோட பைக்கை நான்தான் கெடுத்தேன்.

எங்க வீடு செவிலிமேட்டில். காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம். வந்தவாசி ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் பாலாற்றுப் பாலம். அப்பா பட்டு நெசவாளி. நெய்து முடித்த புடவையை டவுனில் இருக்கும் முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, பாவும் ஜரிகையும் வாங்கி வருவது எல்லாமே அந்த ஒரே பைக்கில்தான். போன பொங்கல் லீவுக்கு சென்னையிலிருந்து வந்த நான், அப்பாவின் பைக்குக்கு நம்ம கையாலேயே ஆயில் மாத்தலாம் என்று இறங்கினேன்.

ரெண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். ஏ.பி.ஐ. தரவரிசையில் எஸ்.பி. புது வகை என்று தெரிந்தது. 0டபிள்யூ-20 என்றால் மைலேஜ் நல்லா வரும் என்று தெரிந்தது. புல்லி சிந்தெட்டிக், டப்பாவும் பளபளப்பு. கோட் எழுதுறவன் புத்தி எப்படி இருக்கும்? புது வெர்ஷன் இருக்கும்போது பழசை யாராவது இன்ஸ்டால் பண்ணுவாங்களா? வாங்கி ஊத்திட்டேன்.

அஞ்சாவது நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு நானும் அப்பாவும் திரும்பி வருகிறோம். பாலத்தின் மேல் முன்னாடி போன டிராக்டரைத் தாண்டலாம் என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். இன்ஜின் கத்துது, வண்டி நகரவே இல்லை. பாதி ஏறிப்போன நிலை, எதிரில் லாரி. அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்தது இன்னும் ஞாபகம் இருக்கு. எப்படியோ பிரேக் பிடித்து டிராக்டருக்குப் பின்னாலேயே ஒதுங்கிக்கொண்டேன். வீடு வந்து சேரும் வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் பைக்கை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இன்னா ஆயில் ஊத்துன தம்பி?"

பெருமையாகச் சொன்னேன்.

"அது காருக்கு ஊத்துறது. டப்பாவுல எம்.ஏ.ன்னு போட்டிருந்துச்சா?"

இல்லை. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்பேர் வரும் வரை மூணு நாள், புடவையைத் துணியில் சுற்றி அப்பா பஸ்ஸில் எடுத்துப் போனார். நான் அந்தக் காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பப் படித்தேன். விஷயம் என்னன்னா, அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அது போலி ஆயிலும் இல்லை. அப்புறம் எப்படித் தப்பாச்சு? அதைத் தேடிப் போனதுதான் இன்னிக்குக் கதை.

மசகு

லூப்ரிகன்டுக்குத் தமிழில் மசகு எண்ணெய் என்று எழுதுகிறோம். அகராதிக்காக யாரோ உருவாக்கின வார்த்தை மாதிரி இருக்கும். ஆனால் மாட்டு வண்டிக்காரர்களுக்கு இது தினசரி வார்த்தை. வைக்கோலைக் கரித்து, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டியின் அச்சில் தடவுவார்கள். அந்தக் கறுப்புப் பசைதான் மசகு.

விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கு எண்ணெய். இதை ஏதோ பழங்காலப் பொருள் என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போர் காலத்து விமானங்களின் ரோட்டரி இன்ஜின்களில் ஓடினதும் ஆமணக்கு எண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே 1909ல் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரில் இருந்து வந்தது. நல்லா வழுக்கும், சூட்டைத் தாங்கும். ஆனால் நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

மாட்டு வண்டிக்கு மசகு சரியா இருக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பீங்க? விரலில் தொட்டுப் பார்த்தால் போதும். இல்லையென்றால் சக்கரமே கிரீச் என்று சொல்லிவிடும். சோதனை முழுக்கக் கண்ணும் காதும் விரலும்தான். இன்ஜின் ஆயிலின் மொத்த வரலாறும், இந்த மூணும் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போன வரலாறுதான்.

1911: கெட்டியா, தண்ணியா?

அமெரிக்காவில் 1905ல் ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அதுதான் எஸ்.ஏ.இ. அப்போது ஆயில் விற்றவர்கள் லைட், மீடியம், ஹெவி என்று அவரவர் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு ஹெவி. 1911ல் எஸ்.ஏ.இ. முதல் வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. இன்னிக்கு டப்பாவில் பார்க்கிற 30, 40, 50 எல்லாம் அந்தப் பரம்பரை.

இந்த எண்கள் சொல்வது பாகுநிலையை மட்டும்தான். அதாவது எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதை. ஆயிலை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அளப்பார்கள். 9.3லிருந்து 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருந்தால் அது 30. 12.5லிருந்து 16.3 வரை என்றால் 40. அவ்வளவுதான்.

அப்போ 10டபிள்யூ-30ல் அந்த டபிள்யூ? நிறைய பேர் அதை வெயிட் என்று நினைக்கிறோம். அது வின்டர், குளிர்காலம். 10டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரியில்கூட இன்ஜினைச் சுற்ற விடும் அளவுக்குத்தான் ஆயில் கெட்டிப்படும். 0டபிள்யூ என்றால் மைனஸ் 35. மார்கழி விடியற்காலையில்கூட காஞ்சிபுரத்தில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் வேகமாக மேலே ஏறும் என்பது உண்மைதான். ஆனால் மைனஸ் 35ல் எங்க அப்பாவுக்கு என்ன வேலை?

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எஸ்.ஏ.இ. 40 என்று எழுதின ரெண்டு டப்பாவில் ஒன்று அருமையான ஆயிலாக இருக்கலாம், இன்னொன்று ஒரு மாசத்தில் கரியாகிப் போவதாக இருக்கலாம். ரெண்டும் ஒரே கெட்டி. அந்த எண்ணுக்குத் தரம் பற்றி ஒன்றுமே தெரியாது.

கறுத்துப்போன ஆயில்

அந்த ஓட்டை 1930களில் வெடித்தது. கேட்டர்பில்லர் கம்பெனி 1931ல் டீசல் டிராக்டர் விற்க ஆரம்பித்தது. டீசல் இன்ஜினில் சூடும் புகைக்கரியும் அதிகம். அந்தக் கரி பிஸ்டன் ரிங்கைச் சுற்றிப் படிந்து, ரிங்கை அசையவிடாமல் ஒட்டிவிட்டது. அப்போதைய ஆயில் பார்க்கச் சுத்தமாக, தேன் நிறத்தில்தான் இருந்தது. அழுக்கெல்லாம் இன்ஜினிலேயே தங்கிவிட்டால் ஆயில் சுத்தமாகத்தானே இருக்கும்!

தீர்வு, ஆயிலுக்குள்ளேயே சோப்பு மாதிரி ஒரு ரசாயனம் சேர்ப்பது. டிடர்ஜென்ட் என்றேதான் அதற்குப் பெயர். ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் கலிஃபோர்னியா 1935ல் டெலோ என்ற பெயரில் அப்படி ஒரு ஆயிலைக் கொண்டுவந்தது. இந்த ஆயில் கரியைப் படியவிடாமல் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் சீக்கிரம் கறுக்கும். கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இன்னிக்கும் நம்மில் பாதிப் பேர் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, "கறுத்துடுச்சு, கெட்டுடுச்சு" என்று சொல்கிறோம். அந்தக் கண் சோதனை காலாவதியாகி தொண்ணூறு வருஷம் ஆகிறது மக்களே. கிலோமீட்டரையும் மாசத்தையும் பார்த்து மாத்துங்க, கலரைப் பார்த்து இல்லை.

கண்ணால் முடியாது என்றானதும் என்ன செய்வது? ஒரு இன்ஜினில் ஆயிலை ஊற்றி, இத்தனை மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் பிரித்துப் பார்ப்பது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ வாகனங்களுக்காக அமெரிக்க ராணுவம் 1941ல் 2-104 என்ற நிபந்தனைப் பட்டியலைப் போட்டது. இந்தச் சோதனைகளில் தேறின ஆயில்தான் வாங்குவோம் என்றார்கள். நம்ம பாஷையில் சொன்னால் டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனால்தான் டிப்ளாய்மென்ட்.

எழுத்துகள் வந்த கதை

போருக்குப் பிறகு 1947ல் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், அதாவது ஏ.பி.ஐ., ஆயிலை மூணாகப் பிரித்தது: ரெகுலர், பிரீமியம், ஹெவி டியூட்டி. ரெகுலரில் எதுவும் சேர்க்கவில்லை. பிரீமியத்தில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகாமல் இருக்க மருந்து. ஹெவி டியூட்டியில் டிடர்ஜென்டும் உண்டு. ஆனால் பிரீமியம் என்ற வார்த்தைக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. நாளைக்கு இதைவிட நல்லது வந்தால் என்ன பேர் வைப்பீங்க? சூப்பர் பிரீமியமா? பைனல், பைனல்2, பைனல் லேட்டஸ்ட் என்று பைலுக்குப் பேர் வைக்கிற நமக்கு இந்த அவஸ்தை நல்லாவே தெரியும்.

அதனால் 1970ஐ ஒட்டி ஏ.பி.ஐ., எஸ்.ஏ.இ., சோதனை முறைகளை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். மூணும் சேர்ந்து முடிவில்லாத ஒரு முறையைக் கொண்டுவந்தன. பெட்ரோல் இன்ஜினுக்கு எஸ், டீசலுக்கு சி. அடுத்த எழுத்து ஏ, பி, சி என்று போய்க்கொண்டே இருக்கும். எஸ்.இ. 1972, எஸ்.எஃப். 1980, எஸ்.ஜி. 1988, எஸ்.ஜே. 1996, எஸ்.எல். 2001, எஸ்.எம். 2004, எஸ்.என். 2010, எஸ்.பி. 2020. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் அப்போது புதுசாக வந்த ஒரு இன்ஜின் சிக்கல் இருக்கிறது. எஸ்.பி.யையே எடுத்துக்குங்க. சின்ன டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்திலேயே பெட்ரோல் முன்கூட்டி வெடிக்கும் பிரச்சினைக்கான சோதனை அதில் சேர்ந்தது.

பழைய எழுத்துகளுக்கு ஏ.பி.ஐ.யே எச்சரிக்கை போட்டு வைத்திருக்கிறது. எஸ்.ஏ. ஆயில், 1930க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் கார் இன்ஜின்களுக்கு ஏற்றதல்ல. எஸ்.எஃப். 1988க்குப் பிறகு வந்தவற்றுக்கு ஏற்றதல்ல. ஆகவே எங்கேயாவது மலிவு விலை டப்பாவில் எஸ்.எஃப். என்று பார்த்தால், அது பொய் சொல்லவில்லை. தன் வயசைச் சொல்கிறது.

மணலியில் என்ன நடந்தது

சரி, இதெல்லாம் அமெரிக்கா. நம்ம ஊர்ல? சுதந்திரத்துக்குப் பிறகும் நம் எண்ணெய்ச் சந்தை பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் மாதிரி வெளிநாட்டு கம்பெனிகளின் கையில்தான் இருந்தது. 1965ல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூணும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனியைத் தொடங்கின. வடசென்னையில் மணலியில் ஆலை வந்தது. 1969ல் ஓட ஆரம்பித்தபோது ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன். ஈரானிலிருந்து வந்த கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசலோடு மசகு எண்ணெய்க்கான பேஸ் ஆயிலும் அங்கே எடுத்தார்கள். 2000ல் அது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது.

டப்பாவில் இருப்பதில் பெரும்பங்கு இந்த பேஸ் ஆயில். மிச்சம் டிடர்ஜென்ட் மாதிரியான சேர்மானங்கள். பேஸ் ஆயில் இங்கேயே கிடைத்ததும், 1972ல் இந்தியன் ஆயில் சர்வோ பிராண்டைக் கொண்டுவந்தது. அதே வருஷம் ஃபரீதாபாத்தில் அதன் ஆராய்ச்சி மையமும் தொடங்கியது.

சந்தை வளர்ந்தால் கலப்படமும் வளரும். பழைய ஆயிலை வடிகட்டி, புது டப்பாவில் ஊற்றி விற்பது சுலபமான வியாபாரம். 1987ல் மத்திய அரசு, அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் மசகு எண்ணெய்க்கென்றே ஒரு ஆணை போட்டு, தயாரிப்பையும் விற்பனையையும் கட்டுக்குள் கொண்டுவந்தது.

நீலப் புகையும் வழுக்கும் கிளட்சும்

இப்போ பைக்குக்கு வருவோம். டூ-ஸ்ட்ரோக் காலம் ஞாபகம் இருக்கிறவங்க வீட்டில் கேளுங்க. 1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. காஞ்சிபுரத்தில் எத்தனையோ நெசவாளிகளின் முதல் வண்டி அதுதான். பெட்ரோல் பங்கில் பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து ஊற்றுவார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தே போகும். பின்னாடி வரும் நீலப் புகை அதுதான். மட்டமான ஆயிலை ஊற்றினால் இன்ஜின் மட்டும் கெடாது, பின்னால் வருகிறவன் நுரையீரலும் சேர்ந்து கெடும்.

1999 ஏப்ரல் 1 முதல், டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஏ.பி.ஐ. டி.சி. தரமும், ஜாஸோ எஃப்.சி. தரமும் கொண்டிருக்க வேண்டும் என்று இந்தியாவில் கட்டாயமானது. ஜாஸோ என்பது ஜப்பானிய ஆட்டோமொபைல் தர அமைப்பு. எஃப்.சி. என்றால் புகை குறைவான வகை. அமெரிக்கர்களுக்கு வண்டி என்றால் கார். மோட்டார் சைக்கிளைப் பற்றி உட்கார்ந்து யோசித்தது ஜப்பான்.

நான் செய்த தப்புக்கு வேரும் இங்கேதான். 1990களில் கார் கம்பெனிகள் மைலேஜுக்காக ஆயிலை இன்னும் வழுக்கலாக்கச் சொன்னார்கள். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைச் சேர்த்தார்கள். காருக்கு அது நல்லது, ஏனென்றால் காரின் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் படாமல் தனியாக இருக்கிறது. ஆனால் கியர் பைக் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூணும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் வேலை செய்வதே உராய்வில்தான். பிளேட்டும் பிளேட்டும் கவ்விப் பிடிக்க வேண்டும். கார் ஆயில் அந்தப் பிடியையே வழுக்க வைக்கிறது.

இன்ஜினுக்கு எது மருந்தோ, அதுவே கிளட்சுக்கு விஷம். 1998ல் ஜப்பானியர்கள் டி903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். கிளட்ச் பிளேட்டை ஆயிலில் போட்டு, சுற்றவிட்டு, எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று அளந்தார்கள். பிடிப்பு அதிகம் என்றால் எம்.ஏ., குறைவு என்றால் எம்.பி. பின்னாளில் எம்.ஏ.வையும் எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள். கிளட்ச் ஆயிலில் படாத கியர்லெஸ் ஸ்கூட்டர்களுக்கு எம்.பி. போதும். கியர் பைக்குக்கு எம்.ஏ. வேண்டும். பாலத்தின் மேல் எங்களைக் கைவிட்டது அந்த ரெண்டு எழுத்து இல்லாத டப்பா.

அப்பா சொன்னது

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவிடம் மன்னிப்பு மாதிரி விளக்கம் சொன்னேன். "டப்பாவுல எல்லா முத்திரையும் இருந்துச்சுப்பா. அமெரிக்கா முத்திரை. அதை நம்பித்தான்..."

தறியில் உட்கார்ந்திருந்தவர் நாடாவை நிறுத்தாமலே கேட்டார்: "பட்டு முத்திரை இருந்தா ஜரிகையும் சுத்தம்னு அர்த்தமாடா?"

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். மத்திய பட்டு வாரியம் 2004ல் சில்க் மார்க் கொண்டுவந்தது. அந்த முத்திரை சொல்வது ஒன்றுதான்: இது சுத்தமான பட்டு. ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்பது அதன் கேள்வியே இல்லை. அதற்குத் தனியாகச் சோதனை பண்ண வேண்டும். முன்னாடி ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சிவப்பு இழையிலும் போலி வந்த பிறகு, எக்ஸ்-கதிர் கருவியில் வைத்து உலோகத்தை அளக்க வேண்டியதாயிற்று. கண் தோற்ற இடத்தில் கருவி வந்தது. டீசல் இன்ஜினில் நடந்த அதே கதை.

சில்க் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு "வெள்ளி ஜரிகை" என்று நம்பி ஏமாறும் வாடிக்கையாளரை அப்பா வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். இந்த முறை அந்த வாடிக்கையாளர் அவருடைய சொந்தப் பையன். எஸ்.பி. என்ற முத்திரை கேட்ட கேள்வி, "கார் இன்ஜினுக்கு நல்லதா?" அதற்கு அது சரியான பதில்தான் சொன்னது. நான் கேட்க வேண்டிய கேள்வி, "அப்பாவின் கிளட்சுக்கு நல்லதா?" அதை யாரும் அந்த டப்பாவிடம் கேட்கவே இல்லை.

கடைக்குப் போகும்போது

கடைசியா, கையோட எடுத்துட்டுப் போற மாதிரி சில விஷயம்.

முதலில் வண்டியோட மேனுவலைத் திறங்க. அதில் மூணு இருக்கும்: எஸ்.ஏ.இ. எண், ஏ.பி.ஐ. எழுத்து, பைக் என்றால் ஜாஸோ எழுத்து. மூணும் மூணு தனிக் கேள்வி. ஒன்று இன்னொன்றுக்குப் பதில் ஆகாது. அப்பா பைக்கின் மேனுவலில் 10டபிள்யூ-30, எம்.ஏ.2 என்று ஆரம்பத்திலிருந்தே இருந்தது. நான்தான் திறக்கவில்லை.

ரெண்டாவது, டப்பாவின் பின்பக்கம் ஏ.பி.ஐ.யின் வட்ட முத்திரை இருக்கா பாருங்க. டோனட் என்பார்கள், 1983லிருந்து இருக்கிறது. உரிமம் வாங்கினவர்கள்தான் அதைப் போடலாம். அந்த வட்டத்துக்குள் கீழே "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று இருந்தால், அது மைலேஜுக்காக வழுக்கலாக்கின கார் ஆயில். கியர் பைக்குக்கு வேண்டாம். ஜாஸோவுக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதன் மேலே ஒரு பதிவு எண்.

மூணாவது, ஆயில் மாத்தினதும் காலி டப்பாவில் ஒரு ஓட்டை போட்டுட்டு வாங்க. முழு டப்பாவா விட்டால், நாளைக்கு யாரோ அதில் பழைய ஆயிலை ஊற்றி மூடி போட்டு விற்கலாம். எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும், உள்ளே இருப்பதுதான் வேறு. பழைய ஆயிலைக் கால்வாயில் கொட்டாதீங்க. அது சட்டப்படி அபாயக் கழிவு. எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க.

அப்பாவின் பைக் இப்போ நல்லா ஓடுது. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஆயில் மாத்துற கிலோமீட்டர் வந்திருந்தது. "நான் வாங்கிட்டு வரவாப்பா?" என்று கேட்டேன். "மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போ" என்றார். போனேன்.

உங்க வண்டி டப்பாவில் என்ன எழுதியிருக்குன்னு இன்னிக்கு ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வணக்கம்.